என் கணினியில் திறக்கிறது

எங்கள் அலுவலகத்தில் காலை பத்து மணித் தேநீரோடு வறுத்த வேர்க்கடலை வைப்பார்கள். ஆளுக்கு ஒரு கைப்பிடி. இத்தனை வருட வேலையில் நான் இரண்டாவது கைப்பிடி எடுத்ததே இல்லை. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு, அம்மையீர். என்னைப் பற்றி உங்கள் காதுக்கு வந்ததெல்லாம் லுவெம்பா மீன்கரையில் நடந்ததற்குப் பிறகு பேசப்பட்டவை. அதற்கு முன்னால் இந்த லுட்டாயா எப்படிப்பட்ட ஆள் என்று தெரிய வேண்டுமானால் தேநீர் ஊற்றும் பெண்மணியைக் கேளுங்கள். கடலைத் தட்டு அவள் பொறுப்பில்தான் இருக்கிறது.

வாக்குமூலத்தை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். நல்லதாயிற்று. நேரில் பேசினால் எனக்கு நாக்கு குழறும். மின்னஞ்சல் என்றால் கைவந்த வேலை. ஏரிக்கரை மாவட்டக் குடிநீர் வாரியத்தின் தகவல் அலுவலர் நான். எந்தத் தெருவில் எப்போது தண்ணீர் வராது, எங்கே குழாய் உடைந்திருக்கிறது, கட்டணம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மக்களுக்குச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். விசாரணை முடியும்வரை வேலையில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் இதையும் அலுவலகக் கணினியிலிருந்துதான் எழுதுகிறேன்.

எங்கள் இயக்குநர் பியெக்வாசோ ஐயாவுக்கு ஒரு விதி உண்டு. மின்னஞ்சலைப் படிக்கிறவனின் பெருவிரல் நகரக் கூடாது. கைப்பேசியைத் திறந்தால் ஒரே பார்வையில் முடிந்துவிட வேண்டும். “விரல் நகர்ந்துச்சுன்னா மனசும் நகர்ந்துடும் தம்பி” என்பார். அவரே எந்த மின்னஞ்சலையும் முதல் திரைக்குக் கீழே படித்தவர் இல்லை. இன்னொரு தொந்தரவும் இருந்தது. வாரியத்தின் பொது இணையதளத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டுமென்றால்கூடத் தலைநகர் கம்பாலாவில் உள்ள தலைமையகம் ஒப்புதல் தர வேண்டும். அந்த ஒப்புதல் வருவதற்குள் உடைந்த குழாயை ஒட்டி, அது மறுபடியும் உடைந்திருக்கும். ஆகவே நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். ஊழியர்களுக்கு மட்டும் திறக்கும் உள்பக்கம் ஒன்று இருந்தது. அறிவிப்பை முழுதாக அதில் எழுதுவேன். மேலே தலைப்புகள் நீல எழுத்தில், அடிக்கோட்டோடு இருக்கும். தலைப்பை அழுத்தினால் பக்கம் தானாக இறங்கி அந்த விவரத்தில் போய் நிற்கும். பிறகு மேலே உள்ள நீலத் தலைப்புகளை மட்டும் நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டி மாவட்டம் முழுவதற்கும் அனுப்பிவிடுவேன். ஒரு கைப்பேசித் திரை. பெருவிரலுக்கு வேலையே இல்லை.

இதிலிருந்த சிறு குறையைக் கண்டுபிடித்தவள் கணினிப் பிரிவில் இருந்த அப்பியோ. வடக்கத்திப் பெண். மனதில் பட்டதைச் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவாள்.

“என்ன லுட்டாயா, ஊருக்கெல்லாம் விருந்துக்குப் பத்திரிகை வச்சுட்டு வீட்டைப் பூட்டிக்கிட்டுப் போயிட்டீங்க?” என்றாள்.

“ஏன், என்ன ஆச்சு?”

“உங்க மெயிலை எங்க அண்ணன் போன்ல அழுத்திப் பார்த்தேன். எதை அழுத்தினாலும் நம்ம ஆபீஸ் கடவுச்சொல்லைக் கேக்குது. அவன் மீன் விக்கிறவன். கடவுச்சொல்லுக்கு எங்க போவான்?”

விஷயம் இதுதான். ஒட்டப்பட்ட நீல எழுத்துக்குத் தான் இடம் மாறியது தெரியாது. கல்யாணமாகிப் போன பெண் கோபம் வந்தால் தாய்வீட்டுக்கு ஓடுவது போல, அழுத்தினதும் அது எங்கள் உள்பக்கத்துக்கே ஓடிவிடும். அங்கே வாசலில் கடவுச்சொல் கேட்டு நிறுத்திவிடுவார்கள். என் கணினி எப்போதும் உள்ளே இருப்பதால் எனக்கு மட்டும் எல்லாம் திறந்தது. அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு தலைப்பையும் நான் அழுத்திப் பார்த்திருக்கிறேன். சோதிக்காமல் எதையும் அனுப்பியதில்லை.

சரிசெய்துவிடுவதாக அப்பியோவிடம் சொன்னேன். உண்மையாகவே அந்த எண்ணம் இருந்தது. ஆனால் அடுத்த திங்கட்கிழமை கூட்டத்தில், வழக்கமான ஜெபம் முடிந்ததும், இயக்குநர் எழுந்து நின்றார். அந்த மாதம் வாரியத்துக்கு ஒரு புகார்கூட வரவில்லை என்றார். இருபது வருடத்தில் இப்படி ஒரு மாதம் இருந்ததில்லை என்றார். என்னை முன்னால் கூப்பிட்டு, ‘வாடிக்கையாளரின் நண்பன்’ என்று எழுதிய மஞ்சள் பட்டையைத் தோளில் போட்டார்கள். கேக் வெட்டினார்கள். புகார் தெரிவிப்பதற்கான நீல எழுத்தும் மற்றவை மாதிரியே திறக்காது என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. சொல்லியிருப்பேன். வாயில் கேக் இருந்தது.

அப்பியோ மட்டும் கைதட்டவில்லை. “ஊமையைக் கூப்பிட்டு வச்சு, இவன் எதிர்த்தே பேச மாட்டான்னு மெடல் குடுக்கிறாங்க” என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு வருத்தமாக இருந்தது. நல்ல நாளில் இப்படியா பேசுவார்கள்? கொஞ்ச நாளில் அவள் வேறு வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். அவள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை.

அதற்குப் பிறகு என் மேசைக்கு மரியாதை கூடியது. கட்டணப் பிரிவுக்காரர் வாழையிலையில் சுற்றிய பொரித்த மீனோடு வருவார். “இந்தக் கட்டண உயர்வை உங்க நீலத்துக்கு அடியில வச்சுடுங்க லுட்டாயா” என்பார். பராமரிப்புப் பிரிவு, மூன்று வாரம் தண்ணீர் வராத ஊர்களின் பெயரைக் கொண்டுவரும். எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு வரி விடாமல், பொய் கலக்காமல் எழுதினேன். நான் எதையாவது மறைத்தேன் என்று யாராவது சொன்னால் என் உள்பக்கத்தைத் திறந்து காட்டத் தயார். மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மக்களுக்குத் தெரிய வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் நான் படித்ததில்லை.

இப்போது சிஸ்டர் நபுகீராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். லுவெம்பா மீன்கரையில் இருக்கும் சின்ன மருத்துவமனையின் தலைமைத் தாதி அவர். அந்தக் கரையில் மின்னஞ்சல் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான். எங்கள் அறிவிப்பு எது வந்தாலும் அவர்தான் படித்து, மீன் காயவைக்கும் இடத்தில் நின்று ஊருக்குச் சொல்வார். அவருக்குத் தெரிந்தால் லுவெம்பாவுக்குத் தெரிந்த மாதிரி. தெரியாவிட்டால் தெரியாத மாதிரி. மாவட்டத்தில் எத்தனையோ பேருக்கு அனுப்புகிறேன். திறக்கவில்லை என்று விடாமல் போன் செய்தது அவர் ஒருவர்தான். அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன்.

முதலில் உங்கள் சிக்னல் சரியில்லை என்றேன். ஏரிக்கரை ஆயிற்றே, நம்பினார். பிறகு, ‘இணைப்பு திறக்காவிட்டால் என்ன செய்வது’ என்று நான் எழுதியிருந்த உதவிப் பக்கத்தை அனுப்பினேன். அதையும் உள்பக்கத்திலிருந்து எடுத்துத்தான் ஒட்டியிருந்தேன். அதுவும் திறக்கவில்லை.

ஒருநாள் போடா போடா என்கிற வாடகை மோட்டார்சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, செம்மண் புழுதியோடு நேரிலேயே வந்துவிட்டார். கூடவே ஒரு சின்னப் பெண். இறந்துபோன தங்கையின் மகளாம், பபீர்யே. இரட்டையரில் மூத்தவளுக்குத்தான் அந்தப் பெயர் வைப்பார்கள். இளையவள் பிறந்த அன்றே போய்விட்டாள் என்று சிஸ்டர் சொன்னார். “எனக்குன்னு மிச்சம் இருக்கிறது இவ ஒருத்திதான் சார்” என்றார். தேநீர் வேளை. அந்தப் பிள்ளை கடலைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பங்கை அவள் பாவாடையில் கொட்டினேன். அன்றைக்கு நான் கடலை சாப்பிடவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

“சார், நான் படிச்சவதான். ஆனா இதை அழுத்தினா எதுவோ கேட்டுட்டு நிக்குது” என்று கைப்பேசியை நீட்டினார் சிஸ்டர்.

நான் அதை வாங்கவில்லை. என் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினேன். அதே மின்னஞ்சலைத் திறந்து முதல் தலைப்பை அழுத்தினேன். திறந்தது. இரண்டாவதை அழுத்தினேன். திறந்தது.

“பாருங்க சிஸ்டர். நல்லாத்தானே திறக்குது?”

அவர் திரையைப் பார்த்தார், தன் கைப்பேசியைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. “அப்போ என் போன்தான் சார் கோளாறு. உங்க வேலையைக் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்கங்க” என்றார். பரவாயில்லை என்றேன். ஊருக்குப் போய் ஆடுகளை விற்று அவர் புதுக் கைப்பேசி வாங்கியது பிறகுதான் தெரிந்தது. வாங்கச் சொல்லி நான் சொல்லவில்லை.

அந்த வருடம் வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று, புகாரே இல்லாத வாரியம் என்று எங்களுக்குக் கேடயம் தர முடிவு செய்தது. அவர்கள் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. அந்த வாரச் செவ்வாய்க்கிழமைதான் ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்தது. லுவெம்பாவுக்கு மேலே இருக்கும் பூப்பண்ணையில் பூச்சிமருந்துத் தொட்டி வெடிப்பு விட்டு, மருந்து மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. மீன்கரைக் குழாய்களுக்குத் தண்ணீர் வரும் ஆழ்கிணற்றில் கலந்துவிட்டது. இயக்குநர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.

“சொல்லணும் தம்பி. சொல்லாம விட்டா அது பெரிய பாவம், சட்டப்படியும் தப்பு. ஆனா விருந்தாளி வர்ற நேரத்துல தண்டோரா போடக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா?”

எனக்குத் தெரியும் என்றேன்.

அந்த அறிவிப்பைப் போல நான் எதையும் எழுதியதில்லை. முதல் தலைப்பின் கீழ், லுவெம்பா மீன்கரைக் குழாய்த் தண்ணீரை ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது என்று சிவப்பில், தடித்த எழுத்தில் போட்டேன். அடுத்து, நஞ்சு ஏறினால் உடம்பு என்ன செய்யும் என்று எழுதினேன். மூன்றாவது தலைப்பின் கீழ், கொதிக்க வைக்க வேண்டாம் என்று எச்சரித்தேன். கிருமி என்றால் கொதித்தால் சாகும். இந்த மருந்து சாகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கெட்டியாகும். கடைசியில், நல்ல தண்ணீர் லாரி எந்தச் சந்திப்பில் வந்து நிற்கும் என்பதையும் எழுதினேன். குழந்தைக்குக்கூடப் புரியும் நடை.

பிறகு மேலே உள்ள நீல எழுத்தை நகலெடுத்து ஒட்டினேன். ‘சில பகுதிகளின் குடிநீர்த் தரத்தில் சிறு மாற்றம். உங்கள் பகுதி இதில் உண்டா? உடலில் கவனிக்க வேண்டியது என்ன? நீங்கள் செய்யக் கூடாதது என்ன? நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும்? அறிய அழுத்தவும்.’ நான் அழுத்திப் பார்த்தேன். எல்லாம் திறந்தது. அனுப்பினேன்.

லாரி சொன்ன இடத்தில் போய் நின்றது. ஒரு குடம்கூட வரவில்லை. ஓட்டுநர் சாயங்காலம்வரை காத்திருந்துவிட்டுத் தொட்டியோடு திரும்பினார். மக்களிடம் தேவை இல்லை என்று பராமரிப்புப் பிரிவு எழுதிக்கொண்டது. மறுநாள் லாரி போகவில்லை.

வியாழக்கிழமை சிஸ்டர் போன் செய்தார். கூட்ட அறையில் கேடயத்துக்காகப் பூ கட்டிக்கொண்டிருந்தோம்.

“சார், புதுப் போன்லயும் திறக்கல. எனக்கு அந்த மெயிலெல்லாம் வேணாம். எங்க கரை அதுல இருக்கா, இல்லையா? ஆமான்னு சொல்லுங்க, இல்லைன்னு சொல்லுங்க. ஒரே வார்த்தை.”

நீங்கள் இந்த இடத்தைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அதனால் நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “சிஸ்டர், உங்களுக்கு மட்டும் வாயால சொன்னா மத்தவங்களுக்கு அது அநியாயம் இல்லையா? தகவல் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் போகணும்” என்றேன். அந்த நேரத்தில் அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. ஆளுக்கு ஒரு கைப்பிடி என்றால் ஒரு கைப்பிடிதான்.

போனில் அவருக்குப் பின்னால் பிள்ளைகள் கத்தி விளையாடுகிற சத்தம் கேட்டது. “சரி சார். எதுக்கும் இருக்கட்டும், எல்லாத் தண்ணியையும் நல்லாக் கொதிக்க வச்சே குடுக்கச் சொல்றேன்” என்றார்.

மூன்றாவது தலைப்பு எனக்கு ஞாபகம் வந்தது. அது ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் இந்த வாக்குமூலத்துக்கே அர்த்தம் இல்லை. “கொதிக்க வைக்கிறது நல்ல பழக்கம்தான் சிஸ்டர்” என்றேன். பொதுவாகச் சொன்னால் அது உண்மையும்கூட.

வெள்ளிக்கிழமை விழா நன்றாக நடந்தது. ஆட்டுக்கறியும் மட்டோக்கே வாழைக்காய் மசியலும் மிச்சம் விழவில்லை. கேடயம் வரவேற்பறையில் இருக்கிறது, வரும்போது பாருங்கள்.

சனிக்கிழமையிலிருந்து லுவெம்பாவில் பிள்ளைகள் வாந்தி எடுக்க ஆரம்பித்தார்கள். சிஸ்டர் தன் படிப்பு சொல்லிக்கொடுத்ததை ஒன்று விடாமல் செய்தார். தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, உப்பும் சர்க்கரையும் கலந்து, வாய் திறக்கும் பிள்ளைக்கெல்லாம் கரண்டி கரண்டியாகப் புகட்டினார். எந்தப் பிள்ளை அதிகம் சோர்ந்ததோ அதற்கு அதிகம் புகட்டினார்.

அடுத்த வாரம் அவர் என் மேசைக்கு வந்தார். தனியாக வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கைப்பேசியை என் முன்னால் வைத்தார்.

“அழுத்துடா.”

அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

“இதுல அழுத்து. உன் டப்பாவுல இல்ல, என் போன்ல அழுத்து.”

அழுத்தினேன். கடவுச்சொல் கேட்டது. அறை முழுக்க எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. வாரியத்தின் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்று தோன்றியது. அதனால் என் கடவுச்சொல்லை நானே அதில் அடித்தேன். பக்கம் உடனே திறந்தது. மிக நல்ல கைப்பேசி அது.

“பாருங்க சிஸ்டர், திறக்குதே” என்றேன்.

அவர் நின்றபடியே படித்தார். லுவெம்பாவின் பெயர் சிவப்பில் முதலிலேயே இருந்தது. அவருடைய பெருவிரல் மெதுவாக நகர்ந்தது. மூன்றாவது தலைப்பில் வந்து நின்றது. அந்த இடத்தை அவர் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். நான் எழுதிய அறிவிப்பை வரி விடாமல் படித்த ஒரே வாசகர் அவர்தான். எழுதுகிறவனுக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

போகும்போது அவர் ஒன்று மட்டும் கேட்டார். “அன்னைக்குக் கடலை குடுத்தியே, அவ முகம் உனக்கு ஞாபகம் இருக்கா?”

இருக்கிறது என்றேன். இருக்கிறது.

நான் தெரிந்து செய்தேனா என்பது உங்கள் கேள்வி. ஆம், தெரிந்தே செய்தேன். அந்த எழுத்து வெளியே யாருக்கும் திறக்காது என்று எனக்குத் தெரியும். லுவெம்பா அதில் இருந்தது தெரியும். கொதிக்க வைத்தால் நஞ்சு கெட்டியாகும் என்று எழுதியதே நான்தான். போனில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இதில் எதையும் நான் மறுக்கவில்லை. கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுவேன். அதே சமயம், யாருக்காவது குறை இருந்திருந்தால் அறிவிப்பின் அடியில் புகார் தெரிவிக்க வழி கொடுத்திருந்தேன் என்பதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசிவரை ஒருவரும் புகார் தெரிவிக்கவில்லை.

மின்னஞ்சல் நீண்டுவிட்டது. உங்கள் பெருவிரலுக்குச் சிரமம் கொடுத்ததற்கு மன்னிக்கவும். இறந்த பிள்ளைகள் எத்தனை பேர், யார் யார் என்று நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள். ஒரு பெயர் விடாமல் எழுதிவைத்திருக்கிறேன். கடலை தின்ற பபீர்யேயின் பெயர்தான் முதலில் இருக்கிறது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் நான் என்ன செய்தேன் என்பதை அதே பக்கத்தில் ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொண்டிருக்கிறேன். கீழே நீல எழுத்தில், அடிக்கோட்டோடு இருக்கிறது. அழுத்தினால் போதும்.

அனுப்புவதற்கு முன் நான் அழுத்திப் பார்த்துவிட்டேன். என் கணினியில் நன்றாகத் திறக்கிறது.